அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு ஊரூர் குப்பத்துக்கு

1943 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மயிலாப்பூரிலிருந்து ஊரூர் குப்பத்துக்குப் போனேன். சாந்தோமில் விஞ்ஞான வாத்தியார் வேலை எனக்கு. பூகம்பச் செய்திகளைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பல பூகம்பங்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வந்திருந்தன. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுத்தால் கடல் மட்டுமா ஏறும், பூமியும் அசையாதா என்று தோன்றிவிட்டது. அடுத்த அமாவாசைக்கு மூன்றே நாள். கடலோரத்து ஜனங்களை எச்சரிக்கக் கையால் எழுதிய நோட்டீஸ்கள் என் பையில் இருந்தன.

காலை ஆறரைக்கு லஸ் முனையில் ஜட்கா ஏறினேன். மூன்றரை மைல், எட்டணா. வண்டிக்காரர் காதர் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அடையாற்றுப் பாலம் தாண்டியதும் அவர், "அப்போ குதிரைய எங்க கட்றது சார்?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமான கவலை. எனக்குச் சுருக்கென்றது.

ஏழே காலுக்குக் குப்பம். அங்கே மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த கன்னியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"அமாவாசைன்னா தண்ணி ஏறும், கட்டுமரத்த மேல இஸ்து வைப்போம். ஆனா அது மாசாமாசம் வருதே சார். பூமி ஆடாத அமாவாசையெல்லாம் எழுதி வச்சிகீறீங்களா?"

எழுதவில்லை. ஆடிய நாட்களை மட்டுமே தேடியிருந்தேன். அவை எத்தனை சொற்பம் என்பது அப்போதுதான் உறைத்தது.

போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊரே காலியானபோது அவளும் ஓடியிருக்கிறாள். "கைக்கொயந்த வழியிலயே ஜொரத்துல போயிட்ச்சி. குண்டு வியல," என்றாள்.

நோட்டீஸ்களை அங்கேயே கிழித்தேன். கன்னியம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள்.

அமாவாசையன்று மனைவியோடு மறுபடி போனேன். அலை மேடுவரை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். கன்னியம்மா எங்களை உட்காரவைத்துச் சோறும் மீன்குழம்பும் போட்டாள். பக்கத்து வீட்டாரிடம், "நம்ம உசுருக்காக மெனக்கெட்டு வந்தவரு," என்று என்னைக் காட்டினாள்.

சந்திரன் பூமியை அசைக்குமா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. அசைத்தாலும் நாள் குறிக்கும் அளவுக்கு நமக்குக் கணக்குப் போதாது. குப்பத்துக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு மணல் சுடும், பெண்களும் மீன் விற்கப் போய்விடுவார்கள். சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால், முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.