லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவே ஒரு பட்டிழை

விமானம் லண்டனை விட்டுக் கிளம்பியபோது பகல் ஒரு மணி. ஆரணியிலிருந்து மெட்ராஸுக்கு பஸ்ஸில் நூற்று முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து பம்பாய், பிறகு லண்டன் என்று உட்கார்ந்தே வந்த எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் பெட்டி. அதற்குள் என் தங்கை சரோஜாவின் மகளுக்காக நானே நெய்த அரக்குப் பட்டு. மறுநாள் காலை லாஸ் ஏஞ்சல்ஸில் முகூர்த்தம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் கொண்டுவரும் பட்டை உடுத்தித்தான் பெண் மணைக்கு வரவேண்டும். நான் வராமல் தாலி ஏறாது என்று ட்ரங்க் காலில் சரோஜா அடித்துச் சொல்லிவிட்டாள். குடும்பத்தோடு அமெரிக்கா போனவளை எழுபத்து மூன்றிலிருந்து பதினோரு வருஷமாக நான் பார்க்கவே இல்லை.

லண்டனிலிருந்து எட்டாயிரத்து எழுநூற்றைம்பது கிலோமீட்டர் என்று டிக்கெட் போட்டுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். சொன்னால் ஆச்சா? தறிக்காரனுக்கு எதையும் நூல் பிடித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். கிளம்புமுன் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய உலகப்படத்தில் பட்டிழையை விறைப்பாகப் பிடித்துப் பார்த்துவிட்டேன். முதலில் கடல், அப்புறம் அமெரிக்கா. நடுவில் பனியே கிடையாது.

நாலு மணி நேரம் கழித்து எட்டிப் பார்க்கிறேன், கீழே வெள்ளை வெளேரென்று பனிமலை! வேறு விமானத்தில் ஏறித் தொலைத்துவிட்டேன், பெண் பட்டு இல்லாமல் நிற்கப்போகிறாள் என்றே முடிவு கட்டினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பணிப்பெண் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

பக்கத்து ஸீட்டில் ராணிப்பேட்டைத் தோல் வியாபாரி ஒருவர். "இன்னாத்துக்குங்க இப்டி பேஜாராவுறீங்க? நானும் லாஸ் ஏஞ்சல்ஸ்தான் போய்கினு இருக்கேன்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு பேருமே தப்பாக ஏறியிருந்தால்? சேலையில் இழை அறுந்தால் முடிச்சுப் போட சட்டைப்பையில் வைத்திருந்த நூலைக் காட்டி, படத்தில் அளந்த கதையைச் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்த ஆரஞ்சை நீட்டி, இதன்மேல் பிடித்துப் பாருங்கள் என்றார். இரண்டு ஊருக்கும் நகத்தால் கீறி, நூலை இழுத்துப் பிடித்தேன். விறைக்க விறைக்க இழை தானாகக் காம்புப் பக்கம், வடதுருவத்துப் பனியை நோக்கி, மேலே ஏறியது. அடச்சே, பூமி உருண்டை என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான்! தட்டைப் படமாகச் சுவரில் பார்த்ததும் மறந்துபோயிருக்கிறது. அதற்கப்புறம்தான் சாப்பாடு இறங்கியது.

அங்கத்திய கணக்கில் அன்று மாலையே இறங்கினோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் சரோஜா, தலை நரைத்து நின்றாள். பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் நாளன்றுதான் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு உலகப்படம். மெட்ராஸில் ஒரு குண்டூசி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குண்டூசி, நடுவே விறைப்பாக ஒரு பட்டிழை, பழைய சேலை முந்தியில் உருவியது. அவளும் என்னைப் போலவே நூல் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

தோட்டத்து ஆரஞ்சு ஒன்றையும் என் நூலையும் அவள் கையில் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். இரண்டு ஊரையும் நகத்தால் கீறி, இழுத்துப் பிடித்தாள். நூல் படாத மிச்சப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாதி சுத்துகூட வர்ல அண்ணா" என்றாள். "நமக்கு நடுவுல முழு ஒலகமே கெடக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."