மோச்சியின் கோரைப்பல்

"நாட்டை விட்டு நிரந்தரமாகப் புறப்படுகிறவர், தம் பெயரில் பதிவாகியுள்ள செல்லப்பிராணியைப் புறப்படும் முன்பே புதிய உரிமையாளரின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். பதிவிலுள்ள உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இன்றி எந்தப் பிராணிக்கும் மயக்க மருந்து தரப்படமாட்டாது."

பர் துபாயில் ஒரு பிராணி மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதி இது. நல்ல விதி. நான் எழுதியிருந்தால்கூட ஒரு காற்புள்ளியைத்தான் இடம் மாற்றியிருப்பேன். ஒரே ஒரு சங்கடம், அதைப் பின்பற்றியிருக்க வேண்டிய பெண் குளிர்காலத்திலேயே மணிலா விமானத்தில் ஏறிப் போய்விட்டாள்.

விதிகளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலைக்காலம் முழுக்க மந்தூபாக இருந்தவன் நான். கம்பெனிக்கும் அரசாங்க கவுன்ட்டருக்கும் நடுவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு இங்கே அந்தப் பெயர். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு விசா விண்ணப்பங்களை நிரப்பினேன். என் எழுத்தின் நடையழகை எந்த கவுன்ட்டரிலும் ஒருவரும் பாராட்டியதில்லை. ஊர்ப்பட்ட பேருக்கு விசா வாங்கிக் கொடுத்த நான், இப்போது என் மகனின் ஸ்பான்சர்ஷிப்பில் 'சார்ந்திருப்பவர்' என்கிற தலைப்பின் கீழ் வசிக்கிறேன். அவன் வேலையை விடப்போவதாகச் சும்மா பேசினாலும் எனக்குத்தான் முதலில் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

அந்த மருத்துவமனைக்கு என்னை இழுத்துப் போனவர் ஜமால் பாய். கீழக்கரைக்காரர். மீனா பஜாரில் துணிக்கடை. மனைவி மக்கள் ஊரில் இருக்க, எங்கள் கட்டடத்தில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். அவருடைய எதிர் ஃப்ளாட்டில் இருந்தவள் க்ரேஸ். ஒரு கார்கோ கம்பெனியில் செக்ரட்டரி. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரே வாரத்தில் வேலையை விட்டுக் கிளம்பியவள், ஒரு கூண்டையும் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த மோச்சியையும் பாயிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

மோச்சி ஒரு ஃபெரெட். கீரியின் நீளம், பூனையின் மெத்தென்ற ரோமம், ஓய்வுபெற்ற அதிகாரியின் தூக்கம். விழித்திருக்கிற கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் எல்லாத் திருட்டுத்தனங்களையும் செய்து முடித்துவிடும்.

"கீரிப்புள்ளைன்னு நெனச்சுத்தான் வாங்கி வச்சேன் சார். இது கீரி இல்லையாம். பாம்பு வந்தா நம்ம முதுகுக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சுக்கும்" என்பார் பாய்.

ஃபெரெட்டுக்கு இந்த ஊர் வெயில் ஆகாது. ஏசி அதற்குச் சொகுசு இல்லை, உயிர். ஆகவே பாய் கடைக்குப் போன பிறகும் ஃப்ளாட்டில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். "ஊர்ல எம் புள்ளைங்க ஃபேன் காத்துல கெடக்குது, தொரைக்கு ஏசி" என்று முணுமுணுத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் குளிரைக் கூட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்.

ஏப்ரலில் மோச்சியின் வலது கன்னம் வீங்கியது. சாப்பாட்டுத் தட்டுக்கு வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்ப் படுத்துவிடும். பாய் என் வீட்டுக் கதவைத் தட்டினார். எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நானும் சொன்னேன். கிராம்புத் தைலம். நல்ல வேளை, பாயிடம் அது கைவசம் இல்லை.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஸ்பிரிட் வாசனை. அந்த வாசனை வந்தால் நான் அபுதாபியின் முசஃபாவுக்கு, எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்புக்குப் போய்விடுவேன். என்னுடைய முதல் வேலையே, புதிதாக வந்து இறங்கிய ஆட்களை வண்டியில் ஏற்றி மெடிக்கலுக்குக் கூட்டிப் போவதுதான். நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சட்டைக் கையை மடித்துவிட்டு நீளமாக ஒரு வரிசை. நகத்தைக்கூடப் பார்ப்பார்கள், பல்லை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். கம்பெனி கார்டில் பல் கிடையாது. அதனால் கேம்ப்பில் ஒரு வழக்கம் இருந்தது, பல்வலியை லீவுக்கு எடுத்து வைப்பது. ஊருக்குக் கொண்டுபோக டார்ச், கம்பளி, தைலம், வாசனை சோப்பு என்று சேர்த்து வைப்பார்கள் இல்லையா, அந்தச் சாமான்களோடு ஒரு சொத்தைப் பல்லும் சேரும். அதை மட்டும் விமான நிலையத்தில் எடை போட மாட்டார்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர் கதிரேசன் இந்தக் கலையில் பெரிய ஆள். முகமூடியைக் கழற்றினால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் பொங்கல் வைத்திருக்கும்.

"டாக்டர்ட்ட போவோம் வாய்யா" என்பேன்.

"இன்னும் ஒரு வருஷந்தானே சார். லீவுல போயி மொத்தமாப் புடுங்கிக்கிறேன். அங்கன்னா எங்க அத்தை கஞ்சி வச்சுக் குடுக்கும்."

சொன்னபடி செய்தார். திரும்பி வந்தபோது சிரிப்பில் காற்றோட்டம் நன்றாக இருந்தது. இன்று அவர் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் இன்ஷூரன்ஸில் பல்லும் உண்டு. வலித்த அன்றே போய்ப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தானாம். "லீவு வரைக்கும் பொறுக்க முடியலையாடா ஒனக்கு?" என்று வசவு விழுந்ததாம்.

ஜமால் பாயும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் என்பது டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு தெரிந்தது. டாக்டர் நாகர்கோவில் பெண். மோச்சியைக் கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்கினாள். அது பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது, அதற்குள் அவள் வாய் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டாள். பல்லெல்லாம் காறை. வலது மேல் கோரைப்பல் உடைந்து, வேரில் சீழ்.

"கூண்டுக் கம்பியைக் கடிக்குமா?"

"ராத்திரி பூரா அதான் வேலை டாக்டர்."

"என்ன சாப்பாடு கொடுக்கீங்க?"

"நம்ம சாப்பிடுறதுதான். நோன்பு தொறக்கையில பேரீச்சம்பழம். பால்சோறு ரொம்ப விரும்பும்."

டாக்டர் மோச்சியைப் பார்க்காமல் பாயைப் பார்த்தாள். "பேரீச்சம்பழமா? இது கறி மட்டும் தின்னுற ஜீவன். இனிப்பும் சோறும் ஒட்டி ஒட்டித்தான் இந்தக் காறை."

பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஜூலையில ஊருக்குப் போறேன் டாக்டர். இதையும் கொண்டுபோயி, அங்க வச்சு நிதானமாப் பாத்துக்கிட்டா?"

"உங்க லீவு அந்தப் பல்லுக்குத் தெரியுமா பாய்? மருந்து தாரேன், சீழைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும். எலும்புக்குள்ள இறங்கிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

நான் தடுப்பூசி அட்டையை நீட்டினேன். டிஸ்டெம்பர் ஊசி காலாவதியாகியிருந்தது. நாய்களிடமிருந்து வருகிற காய்ச்சல் அது, ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பதே இல்லையாம். வீட்டை விட்டு வெளியே போகாத பிராணிக்கும் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றாள். ரேபீஸ் ஊசிக்கும் தவணை நெருங்கியிருந்தது. "அப்படியானால் இப்போதே இரண்டையும் போட்டுவிடலாமே" என்றேன், வந்த காரியத்தை ஒரே கவுன்ட்டரில் முடிக்கிற பழக்கத்தில்.

"சீக்கா இருக்கும்போது ஊசி போடக் கூடாது சார். முதல்ல பல்லு. அது ஆறின பிறகு டிஸ்டெம்பர். ரேபீஸ் வேற ஒரு நாள். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு ஒத்துக்காம போச்சுன்னா எதனாலன்னு தெரியாது. ஊசி போட்டதும் ஓடிரவும் கூடாது, கொஞ்ச நேரம் இங்கயே உக்காரணும். சிலதுக்கு உடனே வாந்தி வரும், மூச்சு இழுக்கும்."

முதலில் மெடிக்கல், பிறகு விசா ஸ்டாம்பிங். வரிசை எனக்குப் பிடித்திருந்தது. பல்லை எடுத்தபின் வாரம் ஒரு நாளாவது தேய்க்க வேண்டும், விரலில் துணியைச் சுற்றி, பிராணிகளுக்கென்று உள்ள பேஸ்ட்டால். நம் பேஸ்ட் விஷம். கிராம்புத் தைலமும் அப்படித்தான் என்று அவள் பொதுவாகச் சொன்னபோது பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த விதியைப் படித்தேன்.

அந்த விதியில்தான் வந்து முட்டினோம். மோச்சியின் தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பை ஸ்கேனரால் வருடிப் பார்த்ததும் திரையில் வந்தது க்ரேஸின் பெயர்.

"நான்தானே டாக்டர் சோறு போடுறேன்!"

"அதனாலதானே பல்லு போச்சு" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர் சொன்னாருன்னு ஒரு பூனையைத் தொட்டோம். உண்மையான ஓனர் வந்து நின்னாரு. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு சம்மதம் வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே செய்யுறேன்."

க்ரேஸின் துபாய் நம்பர் செத்துப் போயிருந்தது. அட்டையில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நான் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, எண் போட்ட பத்திகள், தேவையான இணைப்புகள்.

எட்டிப் பார்த்த பாய் கேட்டார். "சார், இது அந்தப் புள்ளைக்கு லெட்டரா, கோர்ட் சம்மனா?" மோச்சியின் வீங்கிய கன்னத்தை ஒரு படம் எடுத்து அதோடு சேர்த்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று. அதற்கும் இல்லை.

மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து மூடும்போதெல்லாம் பழைய தபால் பெட்டிதான் ஞாபகம் வந்தது. இந்த நாட்டில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வந்ததில்லை, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கம்பெனிக்கு ஒரு தபால் பெட்டி, அதற்கு ஒரு சாவி, சாவி மந்தூபிடம். தபால் நிலையக் கூடத்தில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புக் கதவுகள். வியாழக்கிழமை மாலை நான் கட்டோடு முசஃபா கேம்ப்புக்குப் போய் இறங்கினால் எனக்குக் கிடைத்த வரவேற்பு மந்திரிகளுக்கும் கிடைத்திருக்காது. "சார், நமக்கு?" என்பார்கள். இல்லை என்று சொல்வது அந்த வேலையில் எனக்குப் பிடிக்காத ஒரே பகுதி. "அடுத்த வாரம் வந்துரும்" என்று நானாகவே ஒரு விதியை உண்டாக்கிச் சொல்வேன். பெரும்பாலும் வந்தும்விடும்.

அதையேதான் இப்போது ஜமால் பாயிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மதியம் கடையைப் பூட்டிவிட்டு வருவார். கோழிக்கறியை அரைத்து, வெந்நீரில் கரைத்து, விரல் நுனியில் எடுத்து மோச்சியின் நாக்கில் தடவுவார். "நக்கு வாப்பா, நக்கு. ஒரு வாய்." எடை குறைந்துகொண்டே வந்தது. தூக்கினால் வெறும் காலுறையைத் தூக்குவது போல இருந்தது. மருந்தை இரண்டாவது முறை நீட்டித்த டாக்டர், மூன்றாவது முறை பற்றி எதுவும் சொல்லவில்லை.

"சார், அந்தப் புள்ள கையெழுத்தை நீங்களே போட்டுட்டா என்ன? ஒங்களுக்குத் தெரியாத வேலையா?"

வேலைக்காலம் முழுவதிலும் நான் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், கவுன்ட்டரில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பாயிடமும் அதையே சொன்னேன்.

அவர் மோச்சியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "என்னை நம்பித்தானே சார் விட்டுட்டுப் போனா. பேரீச்சம்பழத்தைக் குடுத்தது நான்" என்றார்.

அன்றே மூன்றாவது கடிதம் எழுதினேன். பொருள் இல்லை, பார்வை இல்லை. மோச்சி சாப்பிட மறுக்கிறது, பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து விரலால் ஊட்டுகிறார் என்று மட்டும்.

பதில், முதல் கடிதத்துக்குத்தான் வந்தது. மூன்றையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறாள். அம்மாவின் தீவில் சிக்னல் இல்லை, மருந்து வாங்க டவுனுக்கு வந்தபோதுதான் போனில் எல்லாம் வந்து விழுந்ததாம். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் தொடர்பாக, என்று தொடங்கி, நான் எண் போட்ட வரிசையிலேயே எண் போட்டிருந்தாள். ஒன்று, பல்லை எடுக்கச் சம்மதம். இரண்டு, உரிமையை ஜமால் பாய் பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை. மூன்று, பாஸ்போர்ட் நகல், கையெழுத்தோடு. நான்காவதாக, விதிமுறைக்கு வெளியே ஒரு வரி. அம்மா எழுந்து உட்காருகிறாள், மோச்சியும் எழுந்துவிடும்.

கடையிலிருந்தே பாய் டாக்டருக்குப் போன் செய்தார்.

"நாளைக்குக் காலைல கொண்டு வாங்க. ராத்திரி பூரா பட்டினி போட்டிராதீங்க, இது தாங்காது. வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தினாப் போதும்."

"அப்ப இனி இது எம் பேர்லயா டாக்டர்?"

"உங்க பேர்லதான். இனி இதுக்கு ஸ்பான்சர், கஃபீல் எல்லாம் நீங்களாக்கும்."

பாய் சிரித்த சிரிப்பில், துணி பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் விலை குறையும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை அச்செடுத்து இரண்டு முறை படித்தேன். இப்போது ஆட்சேபணை இல்லை என்று யாரும் கடிதம் எழுதிப் பார்ப்பதில்லை, செயலியில் ஒரு பொத்தான். மந்தூபின் ஃபைல், அமைச்சகத்துக்கு எதிரே டைப் அடித்தவர்கள், அவர்கள் மேசையோரம் ஆறிப்போன சுலைமானி டீ, வியாழன் மாலையிலேயே தொடங்கிவிடும் விடுமுறை, எதுவும் இல்லை. போனதில் முக்கால்வாசி போக வேண்டியதுதான், நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஒரு பதிலுக்காக நான், பாய், மோச்சி என்று மூன்று பேர் சேர்ந்து காத்திருப்பது மட்டும் அபூர்வமாகிவிட்டது. க்ரேஸ் பழைய ஆபீஸ் வழக்கப்படி மேல் வலது மூலையில் தேதி போட்டிருந்தாள். மே பதினொன்று, திங்கட்கிழமை.