வெல்டிங் கண்ணாடியும் இரண்டு ஜோடிச் செருப்பும்

ஞானப்பிரகாசத்துக்கு அரக்கோணம் சாலையில் வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. வாரம் முழுக்க நெருப்புப்பொறியைப் பார்க்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மச்சான் சாம் வெளிநாடு போகும்போது, "பாவா, இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று விட்டுப்போனது. அன்றோடு திருத்தணியில் பலருக்கு நிம்மதி போயிற்று.

பள்ளிப்பட்டில் ஒரு பவர்லூம் கொட்டகைக்குள் புகுந்து, நூல் ஆடுகிறது, தறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கேட்டார். தறிக்காரர் கோதண்டபாணி, "நீ வேணா கொஞ்சம் நிறுத்திக்க நைனா" என்று வாசலைக் காட்டினார். அரக்கோணத்தில் ஓடுகிற ரயிலைப் பிடிக்கப் போய், வெறும் தண்டவாளத்தோடு திரும்பினார். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு டிராக்டரைக் கீழேயிருந்து எடுக்கலாமென்று ரோட்டோரம் மல்லாந்து படுத்தார். வலிப்பு வந்து விழுந்துவிட்டார் என்று டிரைவர் குதித்து ஓடிவந்து, அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்து விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டான். நாள் முழுக்க இரும்போடு கிடக்கிற ஆளுக்கு இரும்பு வைத்தியம்!

ஆட்களை எடுத்தால் தலை இருக்காது. பின்னால் இருக்கிற கிரில்லைப் பார்ப்பாரே ஒழிய அதற்கு மேலே தெரிகிற முகத்தைப் பார்க்க மாட்டார். தெருவில் 'தலைவெட்டி ஸ்டுடியோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் பட்டறையில், முகமூடியில் இருக்கிற கறுப்புக் கண்ணாடியைக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். சும்மாதான். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். ஆகவே முப்பது எண்ணுகிற வரைக்கும் கேமரா கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் நகர்ந்தது எதுவும் படத்தில் விழாது. அசையாமல் இருந்தது மட்டும் அப்படியே நிற்கும். படம் பச்சைப் பாசியாக வந்தது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினார், சரியாகிவிட்டது.

மிஞ்சின கிரில் குழாயில் தானே பற்றவைத்த ஸ்டாண்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்துக்குப் போனார். காவடியும் மொட்டைத்தலையுமாக, மணல் போட்டால் தரையில் விழாத கூட்டம். எடுத்த படத்தில் படிக்கட்டு காலி. பூக்கூடைக்குப் பின்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த வள்ளியம்மாள் மட்டும் பளிச்சென்று இருந்தாள்.

"இன்னாய்யா இது, கிருத்திகைக்கு நான் ஒருத்திதான் வந்தேனா? அப்ப யாருக்குய்யா அத்தினி பூவும் வித்தேன்?" என்று அவள் கேட்டதில், படம் பார்க்கக் கூடின டீக்கடையே சிரித்தது.

அந்தத் தைரியத்தில்தான் அறுப்பின் பண்டிகைக் குழுப்படத்தைத் தான் எடுப்பதாகச் சொன்னார். சபையார் வயலில் விளைந்ததையும் வீட்டில் வளர்ந்ததையும் கொண்டுவந்து படைத்து, பிற்பகலில் ஏலம் விடுகிற நாள் அது. காலையில் ஆராதனை முடிந்ததும் ஆயரோடு சபை முழுவதும் நின்று படம் எடுத்துக்கொள்ளும். வழக்கமாக அரக்கோணத்து ஸ்டுடியோக்காரர்தான் வருவார்.

சபைச் செயலர் குணசேகரன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு எடுத்தா ஆயருக்கே தலை இருக்காதும்மா."

ஞானப்பிரகாசத்தின் மனைவி தேவசுந்தரி, பெண்கள் சங்கத் தலைவி. சுள்ளென்று எழுந்தாள். "இருக்கும். படம் சரியா வரலைன்னா அந்தக் கேமராவையே ஏல மேசையில வச்சுடறேன். யாரு வேணா எடுத்துக்கினு போங்க!"

ஆயர் முன்னால் சொன்ன வார்த்தை. வீட்டுக்கு வந்து ஞானப்பிரகாசம் மெதுவாகக் கேட்டார். "நெசமாவே வச்சுடுவியா?"

"சொல்லிட்டு செய்யாம இருந்து பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. மறுநாள் பட்டறையில் ஒரு கேட்டுக்குத் தாழ்ப்பாளைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

பண்டிகை வந்தது. சர்ச் வளாகத்தில் மேசை நிறைய வாழைத்தார், பூசணிக்காய், கரும்புக்கட்டு. மேசைக்காலில் ஒரு கறுப்பு ஆடு. பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கேமரா வைக்கிற அளவுக்கு யாரோ இடம் விட்டு வைத்திருந்தார்கள். குணசேகரனாகத்தான் இருக்கும்.

வருஷா வருஷம் நடக்கிற சண்டை இந்த வருஷமும் தொடங்கிற்று. ஆயருக்கு வலப்பக்கத்து நாற்காலி யாருக்கு? செயலர் குணசேகரனுக்கா, பொருளாளர் பென்சனுக்கா? ஸ்டுடியோக்காரர் வெளியூர், யார் எப்படி இருந்தால் என்ன என்று அமுக்கிவிட்டுப் போவார். அதனால் பழைய படங்களில் ஒரு வருஷம் ஒருவருக்கு வாய் திறந்திருக்கும், மறுவருஷம் மற்றவருக்கு.

ஞானப்பிரகாசம் முதலில் ஒழுங்காகவே எடுத்துப் பார்த்தார். ஒன்றில் குணசேகரனின் பின்மண்டை. ஒன்றில் பென்சன் ஓங்கின கை, ஆயரின் முகத்தை மறைத்துக்கொண்டு. தேவசுந்தரி இருந்த இடத்திலிருந்தே முறைத்தாள். அவருக்குப் பூசணிக்காய்தான் கண்ணில் பட்டது.

சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கட்டினார்.

"இதோ பாருங்க, முப்பது எண்ணுவேன். யாரும் அசையக் கூடாது. அசைஞ்சவங்க படத்துல இருக்க மாட்டாங்க."

"இன்னா ஞானம், சாபம் வுடறியா?" என்றார் பென்சன்.

"சாபம் இல்லண்ணா. கேமரா."

எண்ண ஆரம்பித்தார். பெண்கள் சங்கம் மொத்தமும் கல்லாக நின்றது. தலைவியின் வார்த்தை அவர்களுக்கும் மானப்பிரச்சினை. ஆயர் பக்கத்து நாற்காலியில் மட்டும் குணசேகரனும் பென்சனும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "வுடுய்யா", "நீ வுடு" என்று அடித்தொண்டையில் இழுபறி. இரண்டு பேருக்கும் சமபலம். நாற்காலியும் ஊன்றின காலும் இம்மியும் நகரவில்லை, மேலே உடம்புதான் முன்னும் பின்னும் ஆடியது.

படத்தைப் பார்த்ததும் ஞானப்பிரகாசத்தின் கண் மறுபடி பூசணிக்காய்ப் பக்கம் போயிற்று. கூடவே சிரிப்பும் முட்டியது. சபை முழுவதும் தெளிவாக இருக்கிறது, அத்தனை பேருக்கும் தலையோடு. ஆயருக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் ஊன்றி நிற்கும் ஒரு ஜோடிச் செருப்பு, இன்னொரு ஜோடிச் செருப்பு. அதற்கு மேலே புகை மாதிரி ஏதோ.

"நான் எங்கய்யா?" என்று குணசேகரன் கத்தினார்.

"கீழே பாருங்க. செருப்பு கீதே."

"அது என்னுது" என்றார் பென்சன்.

"அப்ப பக்கத்துல இருக்கறது செயலரோடது."

ஆயர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். குணசேகரன் விடவில்லை. "படம் கெட்டுப்போச்சு. தேவசுந்தரியம்மா, எல்லார் முன்னாலயும் சொன்ன வார்த்தை. மேசையில வையுங்க."

தேவசுந்தரி வந்து கை நீட்டினாள். ஞானப்பிரகாசம் கேமராவைக் கொடுத்தார். வார் மட்டும் அவர் விரலில் சிக்கிக்கொண்டு வர மாட்டேனென்றது. அவள் மேசையை நோக்கி நடந்தவள், நடந்தபடியே கேமராவின் திரையில் படத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

சர்ச்சில் மாட்டியிருக்கிற எந்தப் படத்திலும் அவளுக்குக் கண் மூடித்தான் இருக்கும். 'பிரசங்கத்துல தூங்குறவங்க' என்று கிண்டல் வேறு. இதில் கண் திறந்திருந்தது. சங்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு தங்கள் கண்ணைத் தேடினார்கள். ஒருத்திக்குக்கூட மூடவில்லை.

"முப்பது எண்றதுக்குள்ள கண்ணு சிமிட்டுறதெல்லாம் கேமராவுக்குத் தெரியவே தெரியாது" என்றார் ஞானப்பிரகாசம், பின்னாலிருந்து.

தேவசுந்தரி திரும்பினாள். "படம் எங்கங்க கெட்டுப்போச்சு? சொன்ன பேச்சைக் கேட்ட அத்தனை பேரும் இருக்கோம். ஆடு கூட இருக்குது!"

சங்கம் முழுவதும் ஆமாம் என்றது. மேசையில் விட்டு வைத்த இடத்தில் யாரோ ஒரு வாழைத்தாரை நகர்த்தி வைத்துவிட்டார்கள். செயலரும் பொருளாளரும் இல்லாமல் எப்படி, இன்னொன்று எடுத்துவிடலாம் என்று ஆயர் சொன்னார்.

இந்தத் தடவை இரண்டு பேருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. எழுந்தால் நாற்காலி போய்விடும், நகர்ந்தால் ஆளே போய்விடும். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாகத் தொற்றிக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்தார்கள். குணசேகரன் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. ஓட்டவில்லை.

ஞானப்பிரகாசம் சாவகாசமாக எண்ணினார். எண்ணிக்கொண்டே பெண்கள் சங்க வரிசைக்குப் போய், தேவசுந்தரி பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஏங்க," என்றாள் அவள் உதடு அசையாமல், "கறுப்புக் கண்ணாடி உங்க சட்டைப்பையிலதான கீது?"

"ஆங். கண்ணாடி இல்லாம படம் அப்பவே எடுத்தாச்சு. சத்தம் போடாதே," என்றவர், குரலை உயர்த்தினார். "முப்பத்தொம்பது... நாப்பது... யாருப்பா அது, அசையாதே!"