தூணில் நான் போட்ட முடிச்சு

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கும் வேலை எனக்கு. என் மகள் வள்ளிக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை, ஓர் இடத்தில் உட்காரவும் மாட்டாள். மயிலம் முருகனுக்கு இரண்டு முறை மொட்டை போட்டும் மாறவில்லை. பள்ளிகளில் சேர்க்க மறுத்தார்கள். கடைசியில் ஒரு வாத்தியார் இரங்கிச் சேர்த்துக்கொண்டார். பத்தே நாளில் என்னைக் கூப்பிட்டார்.

"உம் பொண்ணு கால்ல சக்கரமாப்பா? ஓடிக்கினே இருக்குது. ஏரிப்பக்கம் போயிட்டா யார் பதில் சொல்றது?"

"கட்டிப் போட்டுட்டுப் போறேங்கய்யா. பேரை மட்டும் எடுத்துடாதீங்க" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் துண்டாலேயே அவளை வகுப்புத் தூணில் கட்டிவிட்டுப் போவேன்.

ஐப்பசியில் ஒரு நாள் பெருமழை. பள்ளியை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில் வாத்தியார் வள்ளியை மறந்துவிட்டார். வகுப்பின் மண்சுவர் இடிந்து உள்ளே விழுந்திருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, கூப்பிடத் தெரியாமல், நனைந்து உட்கார்ந்திருந்தாள் என் குழந்தை. ஈர முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். முருகன்தான் காப்பாற்றினான்.

மறுநாள் வாத்தியார் என் கையைப் பிடித்து அழுதார். "இனிமே கட்டாதப்பா. நடந்துக்கினே கேக்கட்டும்" என்றார்.

இப்போது என் மனைவி பள்ளி வாசலில் காவல் இருக்கிறாள். வள்ளி வகுப்புக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள். இந்த வாத்தியார் மாற்றலாகிப் போனால் என்ன ஆகுமோ தெரியவில்லை. பேரை எடுத்தாலும் எடுக்கட்டும், என் கையால் இனி அவளைக் கட்ட மாட்டேன்.