ஓரச் சட்டங்கள் காணாமல் போன வாரம்

என் மனைவி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவின் முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறாள். நான் த்ரீவீலர் ஓட்டுகிறேன். இந்த இரண்டில் எதை நம்பி வீடு நடக்கிறது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பார்கள்?

துணி அடுக்க ஒரு ராக்கை வேண்டும் என்று அவள் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லிந்துலையில் ஒரு ப்ளைவுட் பலகை வாங்கி, த்ரீவீலரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்து, நானே அறுத்துச் சுவரில் தட்டுகளாக ஏற்றினேன். வாசலில் நின்று பார்த்தால் கடையில் வாங்கியது போலவே இருக்கும். கிட்டே போகக்கூடாது. ப்ளைவுட்டின் வெட்டுவாயில் ஏடு ஏடாகத் தெரியும். என் வாள் போன வழியில் அந்த ஏடுகளெல்லாம் சிராய் சிராயாக நின்றன. எலி கடித்த பிஸ்கட் என்றாள் மனைவி. எலிக்கு இதைவிட நேராகக் கடிக்க வரும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு இருவரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு நின்றது பட்டுச் சேலையால். லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் அக்கா, தேர்த் திருவிழாவுக்குக் கட்ட வைத்திருந்த சேலையை ஓரம் அடிக்கக் கொடுத்திருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்களில் அவர் ஒரு கடையைச் சொன்னால் மற்ற எல்லோரும் அங்கேதான் போவார்கள். தட்டிலிருந்து சேலையை எடுத்தபோது ஒரு சிராய் பட்டில் மாட்டி, நூல் ஒரு விரல் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அக்கா திட்டவில்லை. சேலையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. லயத்துப் பெண்களின் ரவிக்கைத் துணியெல்லாம் எங்கள் வீட்டில்தான். இன்னும் ஒரு சேலையில் நூல் போனால், அத்தனை துணியும் பஸ் ஏறித் தலவாக்கலைத் தையல்காரரிடம் போய்விடும் என்றாள் மனைவி. தட்டு சரியாகும்வரை துணிகளுக்குக் கட்டில், எனக்குத் தரை. எங்கள் மலைக் குளிரில் சிமெந்துத் தரை எப்படி இருக்கும் என்று படுத்தவர்களுக்குத் தெரியும். முதுகு காலையில் தனியாக எழுந்திருக்கும்.

வழி ஒன்றுதான். வெட்டுவாய் தெரியாமல் மெல்லிய மரச்சட்டம் ஒட்டி ஓரம் கட்ட வேண்டும். மரம் அறுக்கும் மரக்காலையில் கழித்துப் போட்ட சவுக்குப் பலகைகளைக் கொண்டுவந்தேன். பக்கத்துக் காம்பரா மச்சானிடம் நல்ல வாளும் சீவுளியும் உண்டு. இரவல் கேட்டால் கொடுப்பார். கொடுத்துவிட்டுக் கூடவே நின்று பார்ப்பார். ப்ளைவுட்டின் கனத்தைவிட ஒரு நூல் அகலமாக, விரலால் வளைத்தால் வளைகிற அளவு மெல்லியதாக, பலகையை நீளவாட்டில் கிழித்தேன். முதலில் கிழித்தவை ஒரு முனையில் தடியாகவும் மறு முனையில் ஒன்றுமே இல்லாமலும் வந்தன. மச்சான் தொண்டையை மட்டும் செருமினார். போகப் போகக் கை பழகிவிட்டது. சீவி, உப்புத்தாள் போட்டதும் சட்டங்கள் பால் நிறத்தில், எல்லாம் ஒரே நீளத்தில், நான் செய்தவை என்று நானே நம்ப முடியாத அழகில் இருந்தன. மரம் இன்னும் ஈரமாக இருந்ததால், காயட்டும், பிறகு தட்டளவுக்கு நறுக்கலாம் என்று வாசல் திண்ணையான இஸ்தோப்பின் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்தேன்.

மறுநாள் காலை கொழுந்துக்குப் போகும் வழியில் அக்கா நின்றார். "இவ்வளவும் யாருக்கு தம்பி?"

யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாத வாய் எனக்கு. "உங்களுக்குத்தாங்க்கா. வேற யாருக்கு?" என்றேன். அவர் சிரிக்காமல் போனார். சேலைக் கோபம் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஹயருக்குக் கிளம்பினேன்.

அடுத்த நாள் ஹயர் முடித்து வந்து பார்த்தால் இரண்டு சட்டங்களைக் காணோம். அதற்கடுத்த நாள் இன்னும் சில. எல்லாம் நான் இல்லாத நேரத்தில். நல்லதாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். ஒரு முனை தடித்தவை அப்படியே நின்றன. மரம் தெரிந்த கள்ளன்.

மரம் தெரிந்தவர் எங்கள் லயத்தில் ஒருவர்தான். நான் வீட்டில் இல்லாத நேரமும் அவருக்குத் தெரியும். அவர் அடுப்போ விறகு அடுப்பு. மச்சானின் புகைபோக்கியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். காய்ந்த சவுக்கு ஒரு வாசம், ஈரச் சவுக்கு ஒரு வாசம் என்று மூக்கு தானாகவே ஆராய்ச்சியில் இறங்கியது. உப்பு கேட்கிற சாக்கில் அவர் குசினிக்குள் போய், அவர் மனைவி கொடுத்த ரொட்டியைத் தின்றபடி அடுப்புச் சாம்பலை எட்டிப் பார்த்தேன்.

"என்னா மச்சான்," என்றார் அவர், "ரொட்டி கையில இருக்கு. சாம்பலயும் தொட்டுக்குவீங்களா?"

கள்ளன் இப்படித்தான் தைரியமாகப் பேசுவான் என்று மனதில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, மிச்சமிருந்த சட்டங்களின் அடியில் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். காணாமல் போன நகப்பூச்சுக்காக அவள் என்னைச் சந்தேகப்பட்டது தனிக்கதை. சட்டம் களவு போகிறது, அதற்குத்தான் என்று விளக்கினேன். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்:

"கம்பு திருடுற கள்ளன இந்த லயத்துல நான் கேள்விப்பட்டதில்லீங்க. வேலைக்குக் கள்ளம் பண்றவர ஒரு ஆளத் தெரியும்."

நானே மறைத்து வைத்துவிட்டுக் கள்ளன் கதை விடுகிறேன் என்பது அவள் எண்ணம். நான் மச்சானைச் சந்தேகப்பட, அவள் என்னைச் சந்தேகப்பட, அன்றைக்கும் தரைதான். மறுநாள் பொட்டு வைத்தவையும் போயிருந்தன.

இனிப் பொறுப்பதில்லை, மச்சானை நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன் ஒரு ஹயர் வந்தது. மேல்மலை ரோட்டில் போய் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பனிமூட்டம் விலகியது. கீழே தேயிலை நிரைகளில் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் பால் நிறத்தில் ஒரு கம்பு. செடியின் மேல் கிடத்தி, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் பறித்து, கம்பைத் தூக்கி அடுத்த செடியில் கிடத்தினார்கள். மட்டம் தப்பாமல் பறிக்க வைத்திருக்கும் மட்டக்கம்பு. ஒரு கம்பு நிமிர்ந்தபோது அதன் அடியில் சிவப்புப் பொட்டு தெரிந்தது.

த்ரீவீலரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். என்ன கேட்பது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அக்கா முந்திக்கொண்டார். மட்டக்கம்பு கட்டை குட்டையாக இருக்கிறது, எல்லோரும் ஒரே நீளத்தில் கொண்டுவர வேண்டும் என்று மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்துக் கத்தினாராம். எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் இஸ்தோப்பில் அவற்றைப் பார்த்தாராம். உங்களுக்குத்தான் என்று நானே சொல்லிவிட்டேனாம். ஆளாளுக்கு வந்து நின்று, கம்பு கைக்கு வாகாக இருக்கிறது என்றார்கள். ஒரு பெண் மட்டும், பொட்டு எதற்கு அண்ணே, கண்ணூறு படாமல் இருக்கவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"சேலை நூலு போனா போகுது தம்பி," என்றார் அக்கா. "இத்தன பேருக்கும் செஞ்சு குடுத்திருக்கீங்க. தேருக்கு அந்தச் சேலயத்தான் கட்டுவேன்."

இதற்கு மேல் எந்த முகத்தோடு கம்பைத் திருப்பிக் கேட்பது? வாழ்க்கையில் முதல்முறையாக நல்லவன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். ஆனால் தரையும் ஞாபகத்தில் இருந்தது. பழைய கம்புகளை என்ன செய்தீர்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். அடுப்புக்குக் கட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்தக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எத்தனையோ வருடம் கொழுந்திலும் உள்ளங்கையிலும் உரசி உரசி, எந்த உப்புத்தாளும் தராத வழவழப்பு. சாறு ஏறிக் கறுத்திருந்தன. நீளம் பத்தாது என்று கண்டாக்கையா கழித்தது என் தட்டுகளுக்கு அளவெடுத்தது போல இருந்தது. ஒவ்வொன்றையும் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தில் பசை தடவி, வெட்டுவாயில் வைத்து, பழைய டயர் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். காய்ந்து அவிழ்த்தால், உருண்ட ஓரம். ஒரு தட்டு கறுப்பு, ஒரு தட்டு காப்பி நிறம், ஒன்று இரண்டுக்கும் நடுவில்.

மனைவி நம்பவில்லை. அக்காவின் பட்டுச் சேலையையே எடுத்து, நூல் போன இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து, ஓரம் முழுக்க இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் மாட்டவில்லை. திருப்பிப் போட்டும் இழுத்தாள். பிறகு கட்டிலில் இருந்த துணிகளைத் தூக்கித் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். நான் என் தலையணையைக் கட்டிலில் போட்டேன்.

மறுநாள் நிம்மதியாக எழுந்து, சீவுளியைத் திருப்பிக் கொடுக்க லயத்துப் பின்பக்கமாகப் போனேன். மச்சானைச் சந்தேகப்பட்டதற்குப் பரிகாரமாக இரண்டு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். அவர் தன் மரக்கறிப் பாத்தியில் குனிந்திருந்தார். போஞ்சிக் கொடிகளுக்கு நட்ட குச்சிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் பால் நிறத்தில் நேராக நின்றது. உச்சியில் சிவப்புப் பொட்டு. தலைகீழாக நட்டிருக்கிறார். கொடி அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

நான் குச்சியைப் பார்த்தேன். மச்சான் என் கையிலிருந்த அவருடைய சீவுளியைப் பார்த்தார். அதன் அலகை நான் ஆணியில் இழுத்துப் பல் பல்லாக்கியிருந்தேன்.

"போஞ்சி நல்லா ஏறுது மச்சான்," என்றேன்.

"காய்ச்சா உங்களுக்கும் தாறேன் மச்சான்," என்றார்.

காய்த்தது. கொடுத்தார். நல்ல போஞ்சிதான். ஆனாலும் பாதிக்குப் பாதி சரியாகப் பங்கு வந்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.