மராத்தியில் வந்த செய்தி

ஏரவாடாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் சுனிதா, மகளுக்குத் தனியார் பள்ளியில் இலவச இடம் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொன்னாள். அவள் ஃபோன் நம்பர் அடிக்கடி மாறும் என்பதால் என் நம்பரையே கொடுத்தேன். ஐ.டி.யில் இருக்கிறேன் என்ற பெருமை வேறு.

புனேக்கு வந்து பதினோரு வருடம். மராத்தியில் எது வந்தாலும் விளம்பரம் என்று படிக்காமலே அழித்துவிடுவேன். இடம் கிடைத்த செய்தியையும் அப்படித்தான் அழித்திருக்கிறேன். பள்ளியில் போய் விசாரித்தபோது கெடு முடிந்திருந்தது.

"மராத்தியில வந்துச்சு சுனிதா, எனக்குப் படிக்கத் தெரியல" என்று இந்தியில் முனகினேன்.

அவள் கோபப்படவில்லை. வியப்பாகத்தான் கேட்டாள்: "எனக்குத்தான் படிக்கத் தெரியாது தீதி. உங்களுக்குமா?"

இன்றும் வேலைக்கு வருகிறாள். மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.