ஆறாவது வெள்ளியில் முறிந்த விரதம்

1987 தை மாதம் எனக்கு வேலை போகிற நிலை வந்தது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய வேலை இல்லை அது. நான் சோஷல் வேர்க்கர், சமூகப் பணியாளர். மட்டக்களப்பில் சொன்னால், "மற்றவங்கட வீட்டுக் கதை கேக்கிறதும் ஒரு உத்தியோகமா?" என்று சிரிப்பார்கள். ஓம், அதுதான் என் உத்தியோகம். அதற்காகக் கனடாவுக்கு வந்து, மொன்றியாலில் பிரெஞ்சுப் பரீட்சை இரண்டு தரம் எழுதி, கியூபெக் மாகாணச் சங்கத்தில் என் பெயரைப் பதிய இரண்டு வருடம் எடுத்தது.

அடுத்த வருடமே என் வீட்டுக்காரருக்கு ஒன்ராறியோ மாகாணத்தில், அஜக்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை கிடைத்து, பக்கத்து ஸ்காபரோவுக்கு வந்துவிட்டோம். வரும்போது நான் ஒரு மடைத்தனம் செய்தேன். ஒரே நாடு, ஒரே படிப்பு, அந்தப் பேப்பர் இங்கேயும் செல்லும் என்று நினைத்து, கியூபெக் பதிவை நானே எழுதிக் கொடுத்து நீக்கிவிட்டேன். ஊரில் மட்டக்களப்பில் எடுத்த சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் செல்லாது என்று யாராவது சொல்வார்களா? இங்கே சொன்னார்கள். மாகாணம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. ஒன்ராறியோவில் அப்போது சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எனக்கு வேலை தந்த இடம் கேட்டது. பங்குனி முடிவதற்குள் ஒன்ராறியோச் சான்றிதழைக் கொண்டுவா, இல்லாவிட்டால் இடம் இல்லை என்றார்கள்.

ஒன்ராறியோச் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டேன். பதில் கடிதத்தில் நேர்முகத்துக்கு ஒரு திகதியும், கீழே ஒரு எச்சரிக்கையும் இருந்தன. கியூபெக்கில் உன் பெயர் இப்போது இல்லை, ஆகவே அங்குள்ள பழைய ஆட்களுக்கு நீ இந்த வேலை செய்யக் கூடாது, தொலைபேசியிலும் கூடாது, செய்தால் விண்ணப்பம் பாதிக்கப்படும். மொன்றியாலில் நான் விட்டுவிட்டு வந்த பெண்கள் ஒருவர் இருவர் அல்ல.

அன்றைக்கே கண்ணகை அம்மன் படத்துக்கு முன்னால் நேர்த்தி வைத்தேன். ஏழு வெள்ளி மௌன விரதம். விடிந்ததிலிருந்து விளக்கு வைத்துக் கும்பிட்டு முடியும்வரை ஒரு சொல் பேசுவதில்லை. வெள்ளியில் எனக்கு வேலை இல்லை, அது வசதி. ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பட்டினி கிடக்கச் சொன்னால் கிடப்பேன், வாயை மூடச் சொன்னால் உயிர் போய்விடும். வீட்டுக்காரர் சொன்னார், "அம்மன் என்ட மன்றாட்டத்தையும் சேத்துக் கேட்டிட்டா போல கிடக்கு." அவர் அதைச் சொன்னது முதல் வெள்ளிக்கிழமை. திருப்பிச் சொல்ல எனக்கு வழியில்லை.

அவர் வேலையிலிருந்து தொலைபேசி எடுத்தால் எனக்குத் தெரிவதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். மணி இரண்டு தரம் அடித்து நின்று, பிறகு திரும்ப அடிக்கும். நான் எடுத்துக் கரண்டியால் தட்டுவேன். ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை. மற்ற எந்த மணி அடித்தாலும் வெள்ளியில் எடுப்பதில்லை.

ஐந்து வெள்ளி அப்படியே போனது.

ஆறாவது வெள்ளி பின்னேரம் ஐந்து மணி தாண்டியிருக்கும். மாசிப் பனி, வெளியே இருண்டுகொண்டு வந்தது. மணி இரண்டு தரம் அடித்து நின்றது. திரும்ப அடித்தது. எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

"அக்கா? நீங்களோ?"

என் வீட்டுக்காரர் இல்லை. மொன்றியாலில் நான் பார்த்துவந்த பெண். வரும்போது என் எண்ணைக் கொடுத்திருந்தேன்; பயத்தில் ஒருமுறை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாளாம். ரஞ்சி என்று சொல்கிறேன், அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்துமூன்று வயது, ஒரு வயதுக் குழந்தையோடு தனியாக வந்தவள். புருஷன் ஊரில்.

"அக்கா, அவர் இல்லையாம். காலமை கடிதம் வந்தது. செத்து ஒரு மாதமாம். ஒரு மாதமா நான் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறன்."

வாய் திறக்கப் போனேன், மூடினேன். ஒரு பக்கம் அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. மறுபக்கம் சங்கத்தின் எச்சரிக்கைக் கடிதம். என் வேலை முழுவதும் அந்த இரண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் சாட்சி என்று வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நான் முதலில் என்னைத்தான் நினைத்தேன்.

"மருந்துக் குளிசைப் போத்தல் கையில வைச்சிருக்கிறன். பிள்ளை நித்திரை." பிறகு அழுகை. "ஏன் அக்கா கதைக்கிறியள் இல்லை? நீங்களும் என்னை விட்டிட்டியளோ?"

நான் அம்மன் படத்தைப் பார்த்தேன். தாயே, நான் பேசப் போறன், கோபிக்காத, இந்தப் பிள்ளைக்கு ஒரு ஆளை அனுப்பு. இவ்வளவுதான் என் மன்றாட்டம். என் வேலையை நான் அதில் சேர்க்கவில்லை, சேர்க்க நேரமும் இல்லை.

"இருக்கிறன் புள்ள," என்றேன். "எங்கயும் போகல்ல. சொல்லு."

கால் மணி நேரம் பேசினோம். பொலிஸை அனுப்பவா என்று கேட்டேன். சீருடை போட்ட ஆக்கள் வந்தால் கதவு திறக்கமாட்டேன் என்றாள். ஊரில் பார்த்தது அப்படி. நான் முன்பு வேலை செய்த அலுவலகம் அவளுடைய வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. ஆனால் வெள்ளி நாலு மணிக்கே பூட்டிவிடுவார்கள், எனக்குத் தெரியாததா. அதோடு என்னிடம் ஒரே ஒரு தொலைபேசி. அங்கே ஒரு தரம் எடுத்துப் பார்ப்பதென்றாலும் இவளுடைய தொடர்பை வைக்க வேண்டும்.

"ரஞ்சி, போத்தலைக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியில வை. பிள்ளையை எழுப்பி மடியில வைச்சுக்கொள். ரெண்டு நிமிசத்தில திரும்ப எடுக்கிறன். எடுப்பியா?"

"ஓம்."

"சத்தியமா?"

"அம்மாளாணை, அக்கா."

வைத்தேன். அலுவலக எண்ணைச் சுழற்றினேன். ஒரு தரம் பிழைத்தது. திரும்பச் சுழற்றினேன். பத்துத் தரம் மணி அடித்தும் ஆள் இல்லை. இனி அம்புலன்ஸைத்தான் கேட்க வேண்டும் என்று வைக்கப் போகும்போது யாரோ மூச்சு வாங்க எடுத்தார்கள். என் பழைய மேலதிகாரி, ஒரு பிரெஞ்சுக்காரி. வீட்டுக்குப் போகிற வழியில், பனிச் சப்பாத்தை மேசைக்குக் கீழே மறந்துவிட்டதை நினைத்துத் திரும்பி வந்திருந்தாள். ரஞ்சியின் பெயரைச் சொன்னதும் மறு கேள்வி கேட்கவில்லை. "போறேன்," என்றாள்.

ரஞ்சியைத் திரும்ப எடுத்தேன். மூன்று தரம் மணி அடிக்கும்வரை எடுக்கவில்லை. அந்த மூன்று மணிச் சத்தத்துக்குள் நான் எத்தனை தரம் செத்தேன் என்று அம்மனுக்குத்தான் தெரியும். நாலாவது தரம் அடித்ததும் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல். கதவு தட்டப்பட்டு, அந்தப் பிரெஞ்சுக்காரியின் குரல் கேட்கும்வரை கதைத்துக்கொண்டே இருந்தோம்.

வைத்த பிறகு நிலத்தில் குந்திவிட்டேன். விளக்கும் வைக்கவில்லை. உயிர் தப்பியது சந்தோஷம், ஆனால் விரதமும் போய், விதியும் மீறியாயிற்று. என்றாலும் பழக்கதோஷம், ஒரு கொப்பியை எடுத்து எத்தனை மணிக்கு என்ன சொன்னேன், யாரிடம் ஒப்படைத்தேன் என்று எல்லாம் எழுதினேன்.

ஏழாவது வெள்ளி நான் விரதம் இருக்கவில்லை. எந்த முகத்தோடு இருப்பது? அதற்கடுத்த புதன் நேர்முகம். மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த பெண் கடிதத்தைப் பார்த்துக் கேட்டாள், "கியூபெக்கில் பதிவை நீக்கிய பிறகு அங்குள்ள யாருக்காவது வேலை செய்தாயா?"

இல்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வீட்டுக்காரர் காலையில் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார், "கேட்டா மட்டும் சொல்லு. கேக்காட்டி வாயைத் திறக்காத." கேட்டுவிட்டார்களே.

"ஓம். ஒருமுறை," என்று சொல்லிக் கொப்பியை நீட்டினேன்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். சுவரில் மணிக்கூடு. அது ஓடுகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பக் கூப்பிட்டபோது கொப்பி திறந்தபடி இருந்தது. அந்தப் பெண் சொன்னாள், "அங்கே ஆலோசனை வேலை செய்ய உனக்கு அனுமதி இல்லை. ஆனால் உயிர் ஆபத்தில் ஒருவரைப் பிடித்து வைத்து, அங்கே உரிமை உள்ளவர் கையில் அதே மணித்தியாலத்தில் கொடுத்திருக்கிறாய். அதற்குப் பிறகு நீ தலையிடவில்லை. இதை விதிமீறலாக நாங்கள் எடுக்கப்போவதில்லை." எனக்கு அந்த இடத்திலேயே கண்ணீர் வந்துவிட்டது. பங்குனி முடிய நாலு நாள் இருக்கும்போது சான்றிதழ் தபாலில் வந்தது. இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

அடியார்களே, நான் ஆறு வெள்ளியாகக் கேட்டது ஒரு பேப்பர். அம்மன் முதலில் அனுப்பியது மறந்துபோன ஒரு சோடிச் சப்பாத்து. அது வராமல் என் பேப்பர் வந்திருந்தால் அதை நான் என்ன செய்வது? வாயை மூடினால்தான் அவள் கேட்பாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் வெள்ளி விரதம் பிடிக்கிறேன், ஒருவேளைச் சாப்பாட்டோடு. ஆனால் எந்த மணி அடித்தாலும் எடுக்கிறேன். உங்களுக்கும் ஏதாவது ஒரு கதவு மூடிக்கிடந்தால் அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வாசலில் யாராவது நின்றால் முதலில் அவர்களுக்குத் திறவுங்கள்.

ரஞ்சியும் மகளும் சுகமாக இருக்கிறார்கள். அவளிடம் கேட்காமல் இதைச் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. போன கிழமை எடுத்துக் கேட்டேன்.

"சொல்லுங்கோ அக்கா," என்றாள். "ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பாத்துச் சொல்லுங்கோ."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.